குவாங்சௌ பையுன் விமான நிலையம் இவ்வளவு வளர்ந்தது எப்படி? அங்கிருந்து நகருக்குள் செல்ல எது நல்ல வழி?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தாத்தா காலத்திலிருந்து வெள்ளிக் கொலுசு செய்து வருகிறோம். கம்பி இழுப்பதற்கு மட்டும் இயந்திரம் வைத்திருக்கிறோம். சங்கிலி பின்னுவதும் பற்றவைப்பதும் மணி கோப்பதும் இன்னமும் கைவேலைதான். கண் பார்வை மங்கிய பெரியவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டு நிற்கிறார்கள்; அவர்கள் இடத்தில் உட்கார இளையவர்கள் யாரும் முன்வருவதில்லை. ஆகவே சங்கிலி பின்னும் இயந்திரங்களை நேரில் பார்த்து வர, ஏப்ரல் மாதம் சீனாவின் குவாங்சௌ நகரில் நடக்கும் கான்டன் கண்காட்சிக்குச் செல்ல முடிவு செய்திருக்கிறேன். நகை உற்பத்திக்குப் பெயர் பெற்ற பான்யூ வட்டாரமும் அதே நகரில்தான் இருக்கிறது என்பதால் இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணுகிறேன். வெளிநாட்டுப் பயணம் எனக்கு இதுவே முதல் முறை.

என் கேள்வி இரண்டு பகுதி கொண்டது. முதலாவது, பையுன் விமான நிலையத்திலிருந்து கண்காட்சி நடக்கும் பாசௌ பகுதிக்கும் பான்யூவுக்கும் செல்ல எது நம்பத்தகுந்த வழி? மெட்ரோ ரயிலா, பேருந்தா, டாக்சியா?

இரண்டாவது கேள்வி பயணத்தோடு நேரடியாகத் தொடர்பில்லாதது. ஆயினும் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் அம்மாவின் ஊர் ஓமலூருக்குப் பக்கம். கமலாபுரத்தில் நம் சேலம் விமான நிலையம் 1993-இல் வந்தபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்ததாக அம்மா சொல்வார்கள். அதன்பின் விமானம் வருவதும் நிற்பதுமாகவே இத்தனை ஆண்டுகள் போய்விட்டன. பையுன் விமான நிலையமோ இப்போதுள்ள இடத்துக்கு 2004-இல்தான் வந்தது என்று படித்தேன். இருபது ஆண்டுகளில் ஒரு விமான நிலையம் உலகின் முதல் வரிசைக்கு வருவதற்கு என்ன காரணம்? பணம் மட்டும்தானா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையுடன் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: சூரமங்கலம் பட்டன்–ஜிப் வியாபாரி

தம்பிக்கு வணக்கம். ஆயத்த ஆடைப் பட்டறைகளுக்கு வேண்டிய பட்டன், ஜிப், லேஸ் ஆகியவற்றைக் குவாங்சௌவின் சோங்டா சந்தையிலிருந்து வாங்கி வரும் தொழில் எனக்கு. 2006-இல் முதல் முறை போனேன். அதன்பின் கொரோனா ஆண்டுகள் நீங்கலாக ஆண்டுக்கு ஒரு முறையேனும் போய்வருகிறேன். ஆகையால் அந்த விமான நிலையம் வளர்ந்ததை ஓரளவு கண்ணால் பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பழைய விமான நிலையம் பையுன் மலையின் அடிவாரத்தில், நகரத்துக்கு உள்ளேயே இருந்தது. 1930-களில் அமைக்கப்பட்ட அந்த இடத்தைச் சுற்றி வீடுகளும் கடைகளும் நெருக்கமாக எழும்பிவிட்டதால், இன்னொரு ஓடுபாதை போடுவதற்கு இடமே இல்லாமல் போயிற்று. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய அந்த நிலையத்தை 2004 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மூடிவிட்டு, நகர மையத்துக்கு வடக்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில் புதிய நிலையத்தைத் திறந்தார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. மலையின் பெயரைத் தாங்கிய விமான நிலையம் மலையை விட்டு வெகுதூரம் போனது அப்படித்தான். உங்கள் பயணச்சீட்டில் சி.ஏ.என். என்று மூன்றெழுத்து இருக்கும்; அது குவாங்சௌவின் கான்டன் என்ற பழைய பெயரிலிருந்து வந்தது.

பணம் மட்டும்தானா என்று கேட்டீர்கள். பணம் முக்கியம்தான், ஆனால் நான் பார்த்த வரையில் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. புதிய இடத்தைத் தேர்ந்தெடுத்தபோதே, பிற்கால விரிவாக்கத்துக்கு வேண்டிய இடத்தையும் கருத்தில் கொண்டு ஒதுக்கித் திட்டமிட்டார்கள். 2004-இல் இரண்டு ஓடுபாதைகளும் ஒரு முனையமும்தான். மூன்றாவது ஓடுபாதை 2015 பிப்ரவரியில் வந்தது. இரண்டாம் முனையம் 2018 ஏப்ரல் 26-இல் திறக்கப்பட்டது. மூன்றாம் முனையம் 2025 அக்டோபர் 30-இல் புதிய ஓடுபாதை ஒன்றோடு திறக்கப்பட்டது. அதன் பரப்பு மட்டும் 4 லட்சம் சதுர மீட்டருக்கு மேல். ஒவ்வொரு விரிவாக்கத்தையும், இருக்கும் கட்டடம் நிரம்பி வழியத் தொடங்கிய நேரத்தில் முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இதெல்லாம் ஒரே மூச்சில் கட்டப்பட்டதன்று என்பதைக் கவனியுங்கள்.

எண்ணிக்கையைச் சொன்னால் இன்னும் விளங்கும். இடம் மாறிய ஆண்டில் பயணிகள் ஏறத்தாழ 2 கோடி. 2010-இல் அது 4 கோடியைத் தாண்டியது. 2019-இல் 7 கோடியே 33 லட்சம். 2020-இல் கொரோனாவால் 4 கோடியே 37 லட்சமாகச் சரிந்தது. ஆனால் மற்ற நாட்டு விமான நிலையங்கள் அதைவிட மோசமாகச் சரிந்ததால், பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்த அமெரிக்காவின் அட்லாண்டாவையும் பின்னுக்குத் தள்ளி, அந்த ஓராண்டு உலகிலேயே அதிகப் பயணிகளைக் கையாண்ட நிலையம் என்ற பெயரைப் பையுன் பெற்றது. 2022-இல் 2 கோடியே 61 லட்சம் வரை விழுந்து, 2024-இல் 7 கோடியே 63 லட்சமாக எழுந்து நின்றது. விழுந்த வேகத்தையும் எழுந்த வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால், பயணிகளில் மிகப் பெரும்பாலோர் உள்நாட்டவர் என்பது புரியும். நம்மைப் போன்ற வெளிநாட்டு வியாபாரிகளை மட்டும் நம்பியிருந்தால் அது இவ்வளவு விரைவில் எழுந்திருக்காது.

இன்னொரு காரணம், சைனா சதர்ன் விமான நிறுவனத்தின் தலைமையிடம் அந்த நகரத்திலேயே இருப்பது. சீனாவின் உள்நகரங்களிலிருந்து வருகிறவர்களைக் குவாங்சௌவில் இறக்கி, ஆஸ்திரேலியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றிவிடும் இடைத்தங்கல் தொழிலை அந்த நிறுவனம் அங்கே வளர்த்தது. ஊரில் ஒரு பெரிய மொத்த வியாபாரி நிலைத்துவிட்டால், சந்தை தானாகவே அவரைச் சுற்றி வந்து சேருவதைப் போன்றது இது. நம் லீபஜாரில் அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பயண வழியைப் பற்றி என் அனுபவத்திலிருந்து ஒன்று மட்டும் சொல்கிறேன். 2008-இல் கண்காட்சி முடிந்த நாளன்று, நண்பர்கள் தடுத்தும் கேளாமல் டாக்சியில் விமான நிலையத்துக்குக் கிளம்பினேன். மழை பெய்தது. கண்காட்சிக்கு வந்த அத்தனை பேரும் ஒரே மாலையில் ஊர் திரும்பப் புறப்பட்டிருந்தார்கள் போலும். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, வண்டி ஓடவில்லை. நான் முனையத்துக்குள் நுழைந்தபோது கவுன்டரில் விளக்கை அணைத்துவிட்டார்கள். மறுநாள் புதுச் சீட்டு எடுத்து வந்து சேர்ந்தேன். அன்று மெட்ரோ விமான நிலையம் வரை வந்திருக்கவில்லை. இன்று வந்துவிட்டது. திரும்பும் நாளில் டாக்சியை நம்பாதீர்கள். பெட்டி எவ்வளவு கனமாக இருந்தாலும் மெட்ரோவிலேயே போங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர், ஜாகீர் அம்மாபாளையம்

முந்தைய பதில் எழுதிய அன்பர் நிலத்தையும் விமானத்தையும் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார். தண்டவாளத்தைப் பற்றி நான் சொல்கிறேன்; என் பார்வையில் பையுன் நிலையத்தின் பெருமையும் குறையும் அங்கேதான் இருக்கின்றன.

2004-இல் திறக்கப்பட்ட விமான நிலையத்துக்கு மெட்ரோ வந்து சேர்ந்தது 2010 அக்டோபர் 30-இல். நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கவிருந்ததால், அதற்குள் முடித்தாக வேண்டிய கட்டாயம் இருந்தது. மூன்றாம் தடத்தின் வடக்கு நீட்டிப்பு அது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகள் எல்லோரும் சாலையை மட்டுமே நம்பியிருந்தார்கள்; மேலே சொல்லப்பட்ட 2008-ஆம் ஆண்டுத் துன்பம் அந்தக் காலத்தைச் சேர்ந்தது. முதலில் விமான நிலையம் தெற்கு என்ற நிறுத்தம் மட்டும் முதல் முனையத்தின் கீழே இருந்தது. இரண்டாம் முனையம் திறந்த அதே நாளில், 2018 ஏப்ரல் 26-இல், விமான நிலையம் வடக்கு என்ற நிறுத்தத்தையும் திறந்தார்கள். முதல் முறை ஆறு ஆண்டு தாமதம், இரண்டாம் முறை ஒரு நாள்கூடத் தாமதமில்லை. ஓர் அமைப்பு தன் தவற்றிலிருந்து கற்றுக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் தடத்தில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய ரயில்கள் இயங்குகின்றன. நகர மெட்ரோவுக்கு இது நல்ல வேகம். ஆனால் அந்தத் தடத்தைத் திட்டமிட்டவர்கள் கூட்டத்தைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டார்கள். தொடக்கத்தில் மூன்று பெட்டி ரயில்களைத்தான் ஓட்டினார்கள். பிறகு இரண்டு ரயில்களை ஒன்றாகக் கோத்து ஆறு பெட்டிகளாக்கினார்கள். அதற்குமேல் நீட்ட நடைமேடையில் இடமில்லை. பூமிக்கடியில் ஒரு முறை கட்டிய நடைமேடையைப் பின்னால் நீட்டுவது எத்தகைய வேலை என்பதை, பாறை உடைத்து ஒரு பாலத்துக்கு அடித்தளம் போட்டவனாவது அறிவான். நடைமேடையின் நீளத்தை அன்றைய தேவையைக் கொண்டு முடிவு செய்யலாகாது. இன்றும் காலை, மாலை நேரங்களில் குவாங்சௌவிலேயே மிகுந்த நெரிசலுக்குப் பெயர் பெற்றது அந்தத் தடம்தான்.

இப்போது குறைக்கு வருகிறேன். 2009 டிசம்பர் 26-இல் ஊஹான்–குவாங்சௌ அதிவேக ரயில் பாதை திறக்கப்பட்டது. அந்தப் பாதை விமான நிலையத்துக்கு மேற்கே, ஹுவாடு வட்டாரத்தில் உள்ள குவாங்சௌ வடக்கு ரயில் நிலையம் வழியாகச் செல்கிறது. விமான நிலையத்துக்கும் அதற்கும் இடையே சுமார் பத்துக் கிலோமீட்டர். அதிவேக ரயிலும் விமானமும் இவ்வளவு அருகில் வந்தும் ஒன்றையொன்று தொடாமல் போய்விட்டன. நம் சேலத்தில் ஜங்ஷனில் இறங்கியவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதிய பேருந்து நிலையத்துக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டியிருக்கிறதல்லவா, அதே நிலைதான். ஷாங்காயில் ஹோங்சியாவ் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தையும் அதிவேக ரயில் நிலையத்தையும் 2010-இல் பக்கம் பக்கமாக வைத்துத் திறந்தார்கள். அங்கே விமானத்தை விட்டு இறங்கியவர் நடந்தே போய் ரயில் ஏறலாம். குவாங்சௌவில் அந்த வாய்ப்பு நழுவியது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

அந்தப் பத்துக் கிலோமீட்டர் இடைவெளியை நிரப்பத்தான் அதன்பின் பத்தாண்டுகள் உழைத்தார்கள். 2017 டிசம்பரில் ஒன்பதாம் மெட்ரோ தடம் வந்தது. விமான நிலையம் தெற்கு நிறுத்தத்துக்கு அடுத்துள்ள காவ்செங்கில் இறங்கி மாறினால், குவாங்சௌ வடக்கு ரயில் நிலையம் வரை போகலாம். 2020 நவம்பர் 30-இல் விமான நிலையம் வடக்கிலிருந்து நேராக ஹுவாடுவுக்கு நகரிடை ரயில் ஓடத் தொடங்கியது; அங்கிருந்து பக்கத்து நகரமான சிங்யுவானுக்கும் அதே நாளில் சேவை தொடங்கிற்று. இருபது ஆண்டு வளர்ச்சிக்கு என்ன காரணம் என்று நீங்கள் கேட்டதற்கு என் விடை இதுதான்: ஓடுபாதை விமானத்தைக் கொண்டுவரும், பயணியைக் கொண்டுவருவது தண்டவாளம். சுற்றியுள்ள நகரங்களில் வாழும் மக்கள் ஹாங்காங்குக்கோ ஷென்சென்னுக்கோ போகாமல் பையுனுக்கு வர வேண்டுமானால், வீட்டிலிருந்து முனையம் வரை தடையில்லாத வழி இருந்தாக வேண்டும். முத்தாற்றுக் கழிமுகத்தில் ஹாங்காங், ஷென்சென், மக்காவ், சூஹாய், குவாங்சௌ என்று ஐந்து விமான நிலையங்கள் அருகருகே போட்டியிடுகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

கமலாபுரத்தைப் பற்றி ஒரு சொல். நம் ஓடுபாதையின் நீளம் சுமார் 1,800 மீட்டர், ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானங்களுக்கு அது போதும். 2023 அக்டோபரிலிருந்து பெங்களூரு, கொச்சி, சென்னை, ஹைதராபாத் நகரங்களுக்குச் சேவை மீண்டும் தொடங்கியதில் எனக்கு மகிழ்ச்சி. சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலை பக்கத்தில் செல்கிறது. ஓமலூர் ரயில் சந்திப்பும் தொலைவில் இல்லை. ஆனால் ஓமலூரில் ரயிலை விட்டு இறங்குகிறவருக்கு விமான நேரத்தையொட்டிய ஒரு பேருந்து வேண்டும். அதற்குக் கோடிக்கணக்கில் செலவாகாது. ஓடுபாதை நீளட்டும் என்று காத்திருக்காமல் அந்தப் பேருந்தை முதலில் விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதில் 3: தும்பிப்பாடி விவசாயி

ஐயாமார்கள் இருவரும் எழுதியதைப் படித்தேன். நிலத்தை முன்கூட்டியே ஒதுக்கினார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சீனாவில் நகர நிலம் அரசுக்குச் சொந்தம், கிராம நிலம் ஊர்க் கூட்டுக்குச் சொந்தம். தனி ஆள் பெயரில் பட்டா என்பது அங்கே இல்லை. நம் ஊரில் ஓடுபாதையை நீட்டுவதற்காகக் கமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஆகிய ஊர்களில் கேட்கப்படும் நிலம், ஒவ்வொரு குடும்பமும் கிணறு வெட்டி, தென்னை வைத்துக் காப்பாற்றிய பட்டா நிலம். எங்கள் கிணற்றின் உள்சுவரில் அப்பா தன் கையால் வைத்த படிக்கற்கள் இன்னமும் இருக்கின்றன. அளவுக் கல் நட ஆட்கள் வந்த அன்று அம்மா அந்தக் கிணற்று மேட்டை விட்டு எழவேயில்லை.

விமான நிலையம் வளரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பையுனையும் கமலாபுரத்தையும் ஒப்பிடுகிறவர்கள் இந்த வேறுபாட்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 4: ஏற்காட்டு மருத்துவர்

வணக்கம் அண்ணா. நான் 2014 முதல் 2019 வரை குவாங்சௌவில் மருத்துவம் படித்தேன். ஒவ்வொரு விடுமுறைக்கும் ஏற்காட்டிலிருந்து அப்பா இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறக்கி என்னைச் சேலத்தில் விடுவார். அங்கிருந்து சென்னை, பிறகு கோலாலம்பூர், அதன்பின் பையுன். பையுன் என்றால் வெண்மேகம் என்று சீன மொழி ஆசிரியர் முதல் வகுப்பில் சொன்னபோது, வீட்டு நினைப்பு வந்து அழுதுவிட்டேன். சேர்வராயன் கோயில் பக்கம் மேகம் தரையில் தவழ்வதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, அந்தப் பெயர் தாங்கிய இடம் தட்டையான சமவெளியாக இருந்ததை ஏற்றுக்கொள்ளச் சில நாள்கள் ஆயின.

பெரியவர்கள் வளர்ச்சியை விளக்கிவிட்டதால், வழியை மட்டும் படிப்படியாகச் சொல்கிறேன்.

உங்கள் விமானம் எந்த முனையத்துக்கு வருகிறது என்பதைச் சீட்டில் முதலில் பாருங்கள். இரண்டாம் முனையம் என்றால் விமான நிலையம் வடக்கு நிறுத்தம். முதல் முனையம் என்றால் விமான நிலையம் தெற்கு. முனையங்களுக்கு இடையே இலவசப் பேருந்து உண்டு. மெட்ரோ வாயிலில் ஒவ்வொரு பையையும் எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்கச் சொல்வார்கள்; எல்லா நிலையங்களிலும் இப்படித்தான். ஆகவே தண்ணீர் பாட்டிலைக் கையில் எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் எடுத்துச் சோதிப்பார்கள். ஒரு முறைப் பயணத்துக்கு நாணயம் போன்ற வட்ட வடிவ டோக்கன் தருவார்கள். நுழையும்போது அதை வாயிலில் தொட்டுக் காட்ட வேண்டும், வெளியேறும்போது துளைக்குள் போட வேண்டும். என் தோழி ஒருத்தி நுழையும்போதே துளைக்குள் போடப் பார்த்து, பின்னால் நின்றவர்களை எல்லாம் காக்க வைத்துவிட்டாள்.

பாசௌவுக்குப் போக, விமான நிலையத்திலிருந்து மூன்றாம் தடத்தில் ஏறி, அந்த ரயிலின் கடைசி நிறுத்தமான தீயூ சீலூவில் இறங்க வேண்டும். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். அதே மூன்றாம் தடத்தின் இன்னொரு கிளையில் தெற்கு நோக்கிச் செல்லும் ரயிலை அங்கே பிடித்து, கெசுன் நிறுத்தத்தில் இறங்கி, எட்டாம் தடத்துக்கு மாறுங்கள். எட்டாம் தடத்தில் சின்காங்தோங், பாசௌ ஆகிய இரண்டு நிறுத்தங்களும் கண்காட்சிக் கூடத்தின் வாசலில்தான் இருக்கின்றன. எந்த அரங்குக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பான்யூவுக்குப் போவதென்றால் இன்னும் எளிது. கெசுனில் இறங்காமல் அதே ரயிலில் தெற்கே தொடர்ந்து போனால் பான்யூ சதுக்கம் வந்துவிடும். உங்கள் இரண்டு வேலைகளும் ஒரே தடத்தில் அமைந்திருப்பது நல்லதாயிற்று.

தீயூ சீலூவில் மட்டும் கவனம் வேண்டும், அண்ணா. மாலை ஆறு மணிக்கு அங்கே நிற்கும் கூட்டத்தை நான் எழுத்தில் சொல்ல முடியாது. தைப்பூசத்தன்று நம் முருகன் கோயில் படிக்கட்டில் நிற்பதைப் போல, நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நம்மைக் கொண்டுபோகும். பெரிய பெட்டியோடு அந்த நேரத்தில் மாறுவதைத் தவிர்த்துவிடுங்கள். காலை பத்து மணிக்குமேல் அல்லது இரவு எட்டு மணிக்குமேல் என்றால் துன்பமில்லை. அறிவிப்பு மாண்டரின், கான்டனீஸ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும் வரும். கதவுக்கு மேலே உள்ள வரைபடத்தில் விளக்கும் எரியும். வழி தவறுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

நான் சேர்ந்த ஆண்டில் முதல் முனையம் மட்டும்தான் இருந்தது. விடுமுறைக் காலத்தில் உட்கார இடம் கிடைக்காமல் பெட்டியின் மீது அமர்ந்திருப்போம். 2018 மே மாதம் ஊருக்குக் கிளம்பியபோது, திறந்து ஒரு மாதமே ஆன இரண்டாம் முனையத்துக்குள் முதல் முறை நுழைந்தேன். மெட்ரோவிலிருந்து மேலே ஏறி வந்து, நான் எதிர்பார்த்த நெரிசல் இல்லாமல் திகைத்து நின்றுவிட்டேன். அன்று ஊருக்கு எடுத்துச் செல்ல வாங்கிய தேயிலைப் பொட்டலத்தை இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

கேள்வி கேட்டவர் மீண்டும்: செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தும்பிப்பாடி அண்ணன் எழுதியதைப் படித்தபின் என் கேள்வியை நான் சற்று அவசரமாகக் கேட்டுவிட்டேனோ என்று தோன்றியது. என் அம்மாவிடமும் படித்துக் காட்டினேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிணற்றைத் தனக்குத் தெரியும் என்றார்கள்.

டாக்டர் தங்கை சொன்ன வழியை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இப்போது இருக்கிறதா? இயந்திரம் வாங்கினால் அது கப்பலில் வரட்டும். ஆனால் ஊசி, அச்சு போன்ற சிறு உதிரிப்பொருள்கள் அவசரமாக வேண்டியிருந்தால் விமானச் சரக்கில் வரவழைக்க முடியுமா?

பதில் 5: சூரமங்கலம் பட்டன்–ஜிப் வியாபாரி

தம்பி, நேரடி விமானங்கள் 2020-இல் நின்றவை ஐந்தாண்டுகளுக்குப் பின்னரே திரும்பி வந்தன. இண்டிகோ நிறுவனம் கொல்கத்தாவிலிருந்து குவாங்சௌவுக்கு 2025 அக்டோபர் 26-இலும், டெல்லியிலிருந்து நவம்பர் 10-இலும் சேவையைத் தொடங்கியது. சேலத்துக்காரர் கொல்கத்தா வரை ஏறிப்போய்த் திரும்புவதைவிட, சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் வழியாகப் போவதுதான் பெரும்பாலும் வசதி. விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். கண்காட்சியின் முதல் கட்டம் வழக்கமாக ஏப்ரல் 15-இல் தொடங்கும். இயந்திரங்கள் அந்தக் கட்டத்தில்தான் வரும். விசாவுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பல நாட்டவருக்கு விசா இல்லாமல் பத்து நாள் வரை தங்கிச் செல்ல அங்கே அனுமதி உண்டு, ஆனால் இந்தியர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

சரக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். பெடெக்ஸ் நிறுவனம் தன் ஆசிய–பசிபிக் மையத்தைப் பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடாவிலிருந்து 2009-இல் பையுனுக்கு மாற்றியது. பகலில் பயணிகள் கூட்டத்தைப் பார்க்கிற நாம், இரவில் அதே ஓடுபாதைகளில் சரக்கு விமானங்கள் வரிசையாக இறங்குவதைப் பார்ப்பதில்லை. 2024-இல் மட்டும் 23 லட்சம் டன்னுக்கு மேல் சரக்கு அங்கே கையாளப்பட்டது. சுற்றியுள்ள ஊர்களின் தொழிற்சாலைகளில் காலையில் பொட்டலம் கட்டியது இரவில் விமானம் ஏறிவிடுகிறது. எனக்கே ஒரு முறை தீபாவளிக்கு முன்பு ஜிப் ஓட்டிகள் தீர்ந்துபோய், நாற்பது கிலோ அவசரமாக வரவழைத்தேன். கூலி அதிகம்தான், ஆனால் ஆறு பட்டறைகளில் தையல் நிற்காமல் ஓடியது. விற்கிறவரிடம் உதிரிப்பொருளின் சரியான விவரத்தையும் சுங்க வகை எண்ணையும் விலைச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் இங்கே சுங்கத்தில் பொருள் நாள்கணக்கில் தங்கிவிடும்.

பதில் 6: ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர், ஜாகீர் அம்மாபாளையம்

இன்னொரு வழியும் இருக்கிறது. ரயிலில் விருப்பமுள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னையிலிருந்து ஹாங்காங் போய், மேற்குக் கௌலூன் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் குவாங்சௌ தெற்கு ரயில் நிலையத்தை அடையலாம். ஹாங்காங், சீனா இரண்டின் குடியேற்றச் சோதனையும் மேற்குக் கௌலூனிலேயே முடிந்துவிடும். இந்தியர்கள் ஹாங்காங்குக்குப் போவதற்கு முன் இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். சீன விசாவும் கையில் இருக்க வேண்டும். குவாங்சௌ தெற்கு நிலையம் பான்யூ வட்டாரத்தில்தான் அமைந்திருக்கிறது. ஆகவே நகைப் பட்டறைகளை முதலில் பார்த்துவிட்டுக் கண்காட்சிக்குப் போக நினைத்தால் இது பொருத்தமாக இருக்கும். திரும்பும்போது பையுனிலிருந்து விமானம் என்றால், குவாங்சௌ தெற்கிலிருந்து இரண்டாம் தடத்தில் ஏறி, ஜியாஹெவாங்காங்கில் மூன்றாம் தடத்துக்கு மாறிக்கொள்ளலாம். தீயூ சீலூவின் கூட்டத்தில் சிக்க வேண்டியதில்லை.

பதில் 7: ஏற்காட்டு மருத்துவர்

ஐயா சொன்ன ஜியாஹெவாங்காங் வழி மிகச் சரியானது. நாங்களும் பெட்டி அதிகமாக இருக்கும்போது அப்படித்தான் போவோம்.

அண்ணா, ஒன்றை எழுத விட்டுவிட்டேன். கோலாலம்பூர் வழியாக வரும் விமானங்கள் சில இரவில் வெகுநேரம் கழித்து இறங்கும். மெட்ரோவின் கடைசி ரயில் இரவு பதினொரு மணியை ஒட்டிப் போய்விடும். குடியேற்ற வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்கிட்டால், ஒன்பதரை மணிக்குமேல் இறங்குகிறவர்கள் அதை நம்பக் கூடாது. அப்படி நேர்ந்தால், முனையத்துக்கு வெளியே தாமாக வந்து கையைப் பிடித்து அழைப்பவர்களோடு போகாமல், டாக்சி வரிசையில் நின்று, தங்குமிடத்தின் பெயரைச் சீன எழுத்தில் காட்டி ஏறுங்கள். விடுதி முன்பதிவு செய்யும்போதே அந்தப் பெயரைச் சீன எழுத்தில் அச்சிட்டு எடுத்துக்கொள்வது நல்லது. முகவரியைத் தமிழ் ஒலிப்பில் சொன்னால் ஓட்டுநருக்குப் புரியாது. நான் முதல் இரவில் ஒரு மணி நேரம் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.